வலது காது

6 ஜனவரி 2025, திங்கள்

வலது காதுச் சவ்வில் ஓட்டை. ஆறும்வரை விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் திவ்யாவுக்குப் பிப்ரவரி முதல் வாரம் பிரசவம். ஒரே மகள், தலைப்பிரசவம். நான் போகாமல் யார் போவது? ஆக, இந்தத் தீவிலிருந்து கப்பல்தான். உள்ளூர்க்காரர் கோட்டாவில் இடம் கிடைக்கத் தீவுவாசி அட்டை வேண்டும். என்னுடையது போன மாதமே காலாவதி. புது அட்டைக்குப் புதுப் படம் கேட்கிறார்கள்.

படம்தானே! பத்து வருடம் புடவை விளம்பரங்களுக்கு நின்றவள், இருபது வருடமாக ஊரையே படம் எடுப்பவள். எனக்கா படத்துக்குப் பஞ்சம்?

8 ஜனவரி

ஷாதிபூர் வீட்டு ஜன்னலோரம் காமிராவை டைமரில் வைத்து எடுத்தேன். காலை வெயில் இடது கன்னத்தில் வெண்ணெய் மாதிரி. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே அந்தக் கன்னத்தால் சொல்லிவிடுவேன். யாரைப் படம் எடுப்பதானாலும் முதலில் அவர்கள் இடத்தில் நான் நின்று, கண்ணை மூடிக் கன்னத்தைக் காட்டிப் பார்ப்பேன். வேண்டுதல் என்று நினைத்துச் சிலர் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் ரவி எட்டிப் பார்த்துவிட்டு, “கார்டுக்கா, காலண்டருக்கா?” என்றார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவருக்கு வெளிச்சத்தைப் பற்றி என்ன தெரியும்.

10 ஜனவரி

திருப்பிவிட்டார்கள். கவுண்டரில் சௌமியா என்று ஒரு பெண். “மேடம், ஒரு காதைக் காணோமே! சீதா, நேரா பார்த்து எடுத்துட்டு வாங்க. ரெண்டு காதும் தெரியணும், பஸ், அவ்வளவுதான்.”

11 ஜனவரி

பதினாலு படம். பதினாலிலும் கழுத்து தானாகத் திரும்பியிருக்கிறது. சனியன் பிடித்த கழுத்து.

12 ஜனவரி

சரி, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். கழுத்து இல்லை, வலது காது. பத்தொன்பது வயதில் முதல் விளம்பரம். படம் எடுத்தவர் என் முடியை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, “ஐயோ, இந்தக் காது என்ன இப்படி விரிஞ்சு நிக்குது? மூடு, மூடு” என்றார். மூடினேன். முப்பத்துநாலு வருடமாகத் திறக்கவில்லை. குளித்தால் துண்டு, துண்டு போனால் முடி. திவ்யாகூடப் பார்த்ததில்லை. போன வாரம்தான் ரவி பொருமினார்: “டாக்டருக்கு மட்டும் காட்டுவியா?”

கவுண்டர் பெண்ணுக்குக் காட்டணுமாம். மாட்டேன்.

ஆனா திவ்யா? அவ வலில கத்துறப்போ நான் இங்க உக்காந்து முடிய சீவிக்கிட்டு இருப்பேனா?

15 ஜனவரி

டாலிகஞ்ச் நல்லதம்பி ஸ்டூடியோ. யார் முகத்தையும் வெள்ளையடித்த சுவராக்கும் ஃபிளாஷ் ஆசாமி. எத்தனை கேலி பேசியிருக்கிறேன்! இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், பேச்சில் இன்னும் இலங்கைத் தோட்டம் இருக்கிறது. நான் போனபோது மணி நாலரை, கரண்ட் இல்லை. நாற்காலியை வாசலில் போட்டு மேற்கே முதுகைக் காட்டி உட்காரவைத்தார்.

“அக்கா, மண்டைய ஆட்டாதீங்க. முடிய ஒதுக்குங்க. அட, இன்னும் ஒதுக்குங்க! காதுதானே, யாரும் களவெடுத்துட்டுப் போக மாட்டாங்க.”

ஒதுக்கினேன். சும்மா ஒன்று எடுத்துப் பார்த்தவர், “இது கார்டுக்கு சலேகா நஹி, சரிவராது, மூஞ்சி இருட்டு” என்று காமிராவைக் காட்டினார்.

முகம் இருட்டுதான். ஆனால் காது! பின்னாலிருந்து வெயில் அதற்குள் புகுந்து, உள்ளே விளக்கு ஏற்றினதுபோல் சிவந்து நிற்கிறது. மெல்லிய நரம்புகள்கூடத் தெரிகின்றன. இத்தனை வருடம் கன்னத்தில் தடவிக்கொண்ட வெளிச்சம், இந்தக் காதுக்குள்ளே புகுந்து வெளியே வந்திருக்கிறது. நான் முடி போட்டு மூடியிருக்கிறேன். முட்டாள். வாசலிலேயே அழுதேன்.

“கார்டுக்கு வேற எடுத்துத் தாறேன், அழாதீங்க அக்கா” என்று நல்லதம்பி பதறிவிட்டார். கரண்ட் வந்ததும் ஃபிளாஷ் அடித்தார்.

20 ஜனவரி

அட்டை வந்துவிட்டது. அதில் இருப்பவளைப் போலீஸ் தேடலாம். இரண்டு காதும் பத்திரம்.

9 பிப்ரவரி, சென்னை

நேற்றுப் பெண் குழந்தை. இருவரும் நலம். இன்று காலை திவ்யா குழந்தையின் தொப்பியைக் கழற்றி என்னிடம் காட்டினாள். வலது காது விரிந்து நிற்கிறது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“எங்கேர்ந்தும்மா வந்துச்சு இந்தக் காது? நம்ம வீட்ல யாருக்குமே இப்படி இல்லையே! குளிப்பாட்டறப்போ தினம் எண்ணெய் வச்சு அழுத்திவிட்டா படிஞ்சிடுமாம்மா?”

குழந்தையை வாங்கி ஜன்னல் வெயிலுக்கு முதுகைக் காட்டிப் பிடித்தேன். பிறகு என் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, திவ்யா பக்கம் திரும்பினேன்.