பங்குனி வெயிலில் ஒரு ஹீட்டர்

மாமா,

இன்று காலை பக்கத்து வீட்டில் எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கழற்றி வைத்து ஒருவர் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். வார்னிஷ் வாடை சுவரைத் தாண்டி என் சமையற்கட்டுக்குள் வந்தது. பருப்பு அடிப்பிடிக்கிற வரை கரண்டியும் கையுமாக ஜன்னலோரம் நின்றுவிட்டேன். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாள்முதல் உங்கள் சட்டையில் இருந்த வாடை அது. எவ்வளவு சோப்புப் போட்டு அலசினாலும் போகாது.

பழங்காநத்தத்தில் நீங்கள் மோட்டார் கட்டிய பட்டறையில் இப்போது செல்போன் கடை வந்துவிட்டது. பின்சுவரில் மட்டும் இன்னும் ஈரம் ஏறித்தான் நிற்கிறது. அந்த ஈரம்தானே உங்களைப் படுத்தியது. அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை வரைக்கும் விடவே இல்லை. பட்டறையில் உட்கார்ந்தால் உங்களுக்கு இளைப்பு வந்துவிடும். நெஞ்சு விசிலடிப்பது வாசல்வரை கேட்கும். ஈரத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது உங்கள் மகன் பேச்சை எடுத்தார்.

“கடையை வாடகைக்கு விட்ருவோம்ப்பா. பேசாம வீட்ல இருங்க.”

“வீட்ல இருந்து என்னடா செய்ய? மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்கவா?”

அதற்குமேல் நீங்கள் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாளவில்லை. இந்தக் கையிடமிருந்து பட்டறையைப் பிடுங்கினால் இளைப்பு கொண்டுபோவதற்கு முன்னால் வேறொன்று கொண்டுபோய்விடும் என்று பட்டது. “பட்டறைக்குள்ள சூடா இருந்தா மாமா போகலாம்தானே? ஹீட்டர்னு ஒண்ணு விக்கிறாங்களாமே” என்று கேட்டுவிட்டேன். உங்கள் மகன் என்னை முறைத்தார். முதலில் சிரித்தது நீங்கள்தான்.

ஹீட்டர் பார்க்கப் போன இடத்தில் காளவாசல் கடைக்காரர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். “என்னண்ணே, கொடைக்கானல்ல பங்களா வாங்கிட்டீகளா?”

“இல்லப்பா. பழங்காநத்தத்துல எனக்குப் பனி பெய்யுதுன்னு எம் மருமக சொல்லுது.”

அவரிடம் இருந்தது இரண்டே வகை. ஒன்று உள்ளே சின்ன ஃபேன் வைத்துச் சூடான காற்றை ஊதுவது. மற்றது பளபளவென்ற தகட்டுக்கு முன்னால் இரண்டு கம்பி சிவப்பாகக் காய்வது. ஊதுவது அறை முழுக்கச் சூடாக்கும், கம்பி எதிரில் இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் என்றார். நீங்கள் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தீர்கள். ஒயரை விரலால் உருட்டினீர்கள். உங்கள் மனது ஊதுவதன் பக்கம் போனது. எனக்கோ பயம். பழைய காயிலைச் சுரண்டி எடுக்கிற தூசியெல்லாம் பட்டறைத் தரையில் கிடக்கிறது. அதைக் கிளப்பி உங்கள் நெஞ்சுக்குள்ளேயே ஊதிவிட்டால்? நீங்கள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் “நாளைக்கு வாரோம்ப்பா” என்று எழுந்து வந்தோம்.

மறுநாள் வண்டியூர் தெப்பக்குளத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். கல்யாணத்துக்கும் வீடு வாங்கவும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஹீட்டருக்குப் பார்த்தவள் மதுரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஊதுவதற்குச் சிவப்பு அரளி, கம்பிக்கு வெள்ளை அரளி. இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சந்நிதியில் வைத்து, “இந்தக் குளிரை மட்டும் மாமாவுக்குத் தாண்ட வச்சிரு தாயே” என்று கும்பிட்டு, உங்கள் பேத்தியை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும், “மாரியாத்தாளுக்கு ஆம்பியர் கணக்கெல்லாம் தெரியுமாத்தா?” என்றீர்கள்.

“உங்களத் தெரியும்ல மாமா. அது போதும்.”

“சரித்தா, வாங்கிருவோம். அவ சொன்னதுக்கு மேல அப்பீல் ஏது?”

கம்பி ஹீட்டர் பட்டறைக்கு வந்தது. ஒரு மத்தியானம் சோறு கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஹீட்டருக்கு எதிரே வரிசையாக மோட்டார்கள் உட்கார்ந்திருந்தன. நீங்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிர் மூலையில் இளைத்துக்கொண்டிருந்தீர்கள்.

“என்ன மாமா இது? ஹீட்டர் உங்களுக்கு வாங்குனதா, மோட்டாருக்கு வாங்குனதா?”

“கோவிச்சுக்காதத்தா. தீப்பிடிக்கும்னு வார்னிஷ் போட்டது ஒண்ணையும் கிட்டக்க வைக்கல. இது வெறும் ஈரம் காயத்தான். ஈரத்தோட குடுத்தா மறுபடியும் எரிஞ்சுரும்ல.”

செக்கானூரணிப் பக்கத்து விவசாயி ஒருவர் பெஞ்சில் இருந்தார். “நெல்லு முங்கிக் கெடக்கு தாயி. மோட்டார் வந்தாத்தேன் தண்ணிய எறைக்கலாம். ஆனா அண்ணனை மூலையில ஒக்காரச் சொன்னது நானில்ல, அவரே போயி ஒக்காந்துக்கிட்டாரு” என்று எழுந்து நின்று சாட்சி சொன்னார்.

உங்கள் ஸ்டூலை இழுத்து வந்து மோட்டார் வரிசையின் நடுவில் போட்டேன். “மோட்டாரோட மோட்டாரா நீங்களும் காயுங்க.” நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். மார்கழி முழுக்க அதுதான் உங்கள் இடம். பட்டறை ஒருநாள்கூட அடைக்கவில்லை. உங்கள் மகன் தினமும் வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வாடகைப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. பைசா விடாமல் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். அந்த மாதங்களின் கரண்டு செலவை எழுதும்போது மட்டும் என் மனது குளிர்ந்திருந்தது.

தை பிறந்து வெயில் வந்ததும் ஹீட்டரைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டோம். தாண்டிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். மாரியம்மனுக்கு மாவிளக்கும் போட்டு வந்தேன்.

பங்குனியில் படுத்தீர்கள். தார் ரோடு இளகிக் கிடந்த ஒரு மத்தியானம், “குளுருதுத்தா” என்றீர்கள். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. நான் பரணைப் பார்த்தேன். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் மகன் ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டார்.

பார்க்க வந்திருந்த எதிர்வீட்டு அக்கா, “என்னடி கூத்து இது, இந்த வெக்கையில?” என்று முந்தானையால் விசிறிக்கொண்டே வெளியே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் வேர்த்து ஊற்ற உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். கம்பிகள் சிவந்தன. சூடு வருகிறதா என்று நான் கையை நீட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே அதட்டினீர்கள். “பொறங்கையால பாருத்தா. ஷாக் அடிச்சா உள்ளங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிரும்.”

கண்ணை மூடியிருந்தவருக்கு என் கை எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் மகன் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பை முடிக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் குளிரைத் தாண்ட மட்டும்தான் கேட்டேன் மாமா. கேட்டதை மாரியாத்தா கொடுத்துவிட்டாள். வெயில் காலத்தையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எதையும் புறங்கையால்தான் தொடுகிறேன். இஸ்திரிப் பெட்டி, ஃப்ரிட்ஜ் கதவு, காய்ச்சலில் படுத்த பிள்ளையின் நெற்றி. மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். அன்று நீங்கள் அதட்டிய பிறகு ஹீட்டரைப் புறங்கையால் பார்த்தேன். சூடு வந்தது. அப்புறம் போர்வைக்குள் கைவிட்டு உங்கள் கையை எடுத்தேன். மருமகளாக வந்த நாள்முதல் நான் தொட்டிராத கை. அதை உள்ளங்கையால்தான் பிடித்தேன். அந்தச் சில்லிப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.