எந்திரம் பிடித்த கோபம்

வாயே திறக்காத என் வீட்டுக்காரருக்கு,

இங்க ஜகார்த்தாவில் எங்க கால் சென்டருக்குக் குரலைக் கேட்டே மனசைச் சொல்ற எந்திரம் ஒண்ணு வந்திருக்கு. சோதனைக்கு மேடானில் இருக்கிற அம்மாகிட்டே பேசினேன். "சாப்பிட்டியா இல்லையாடி, கழுதை!"ன்னு கேட்டாங்க. திரையெல்லாம் சிவந்து, "கடும் சண்டை"ன்னு வந்துது. எங்க படாக் இனத்து வீடுகளில் நலம் விசாரிக்கிறதே அப்படித்தான்னு அதுக்கு என்ன தெரியும்? மேலாளர் தண்ணியோட ஓடி வந்தார்.

அப்புறம் சோலோவில் உங்க அம்மா வீட்டுக்குப் போய் நீங்க அனுப்பின குரல் செய்தியைப் போட்டேன். "பரவாயில்லைம்மா, பரவாயில்லை, ஒண்ணும் பரவாயில்லை."

"மிக்க மகிழ்ச்சி"யாம்!

உங்களை மாதிரி ஜாவாக்காரர் மூணு தரம் பரவாயில்லைன்னா பெட்டியைக் கட்டிட்டார்னு அர்த்தம். மக்கு எந்திரத்தைச் சொல்லி என்ன? எனக்கே அது புரிய ஆறு வருஷம் ஆச்சு.

உங்க அம்மா எதிரில் நான் உங்களை எருமைன்னு கூப்பிட்டதைப் பத்தி எழுதப் போறதில்லை. எங்க வீட்டில் அது செல்லப் பேரு. உங்க வீட்டில் இல்லைன்னு இப்போ தெரியுது.

இந்தக் கடிதத்தை எந்திரத்துக்குப் படிச்சுக் காட்டினேன். "கோபம், நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு"ன்னு சொல்லுது. எங்க வீட்டில் கோபம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ரயிலைப் பிடிச்சு வந்து சேருங்க, எருமை!

இப்படிக்கு,
உங்கள் தொண்ணூத்தெட்டு சதவீதக்காரி