அப்பா பேர் இல்லாத டிக்கெட்

ஜூன் 14, சனி

காலையிலிருந்து காற்று. வெயிலும் குறைவில்லை. இடம்: ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோடு, நண்பன் கோகுலின் மாடி ரூம்.

இந்நேரம் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்க வேண்டியவன். கோகுல் வேலைக்குப் போய்விட்டான். ஃபேன் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

விடியுமுன் முசிறியில் வேன் கிளம்பியது. என் ஒருவனை வழியனுப்ப ஒரு வேன் ஆட்கள். அப்பா, அம்மா, சித்தி குடும்பம், எதிர்வீட்டுக்காரர்கள், செல்வராசு மாமா. மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வெளிநாடு என்றால் ஊரில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

மாமா: "அங்கல்லாம் அப்பன் பேரச் சொல்லித்தாங்க கூப்புடுவான். நம்ம பேரு எவனுக்கு வேணும்? நான் இருந்த வரைக்கும் மாணிக்கம் மாணிக்கம்னுதான் கூப்புட்டானுங்க. செத்துப்போன எங்கப்பாவ அங்க எல்லாருக்கும் தெரியும்."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப இவனப் பெரியகருப்பன்னா கூப்புடுவாங்க?"

"பின்ன? இவன் பாக்கப்போற கரடிக்கே ஒங்க பேரு தெரிஞ்சிரும் மச்சான்."

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக.

ஏர்போர்ட் கவுண்ட்டரில் ஒரு பெண். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள், மறுபடி பாஸ்போர்ட்.

"சர்நேம் பெரியகருப்பன்னு இருக்கு. டிக்கெட்ல அருண், குமார்னு மட்டும் இருக்கே சார்?"

"அது அப்பா பேருங்க மேடம்."

"அப்பா பேருதான் சார் சர்நேம். டிக்கெட்ல எங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை நீக்கியதே நான்தான்.

மலேசியாவில், போர்னியோ காட்டோரம் ஒரு மையம். கூண்டில் அடைத்து வளர்த்த சூரியக் கரடிகளை மீட்டுக் கொண்டுவந்து, மறுபடி காட்டுக்குப் பழக்குவார்கள். பல நாட்டு மாணவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். எங்கள் விலங்கியல் டிபார்ட்மெண்டில் நான் ஒருவன்தான் தேர்வானேன். நேர்காணல் வீடியோவில் நடந்தது. கேள்வி கேட்ட அம்மாள் என்னை "மிஸ்டர் பெரி... பெரியா... கரூ..." என்று முயன்றுவிட்டு, மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார். திரையில் மற்ற பெட்டிகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கேலியில்லை, நல்ல சிரிப்புதான். எனக்குத்தான் காது சுட்டது. "ஜஸ்ட் அருண் குமார்" என்றேன். அப்புறம் அவர்கள் விவரம் கேட்டு அனுப்பியபோதும் அப்படியே கொடுத்தேன். முதல் பெயர் அருண், குடும்பப் பெயர் குமார். என் பெயரையே இரண்டாக வெட்டி, அப்பாவை வெளியே தள்ளிவிட்டேன். பார்க்க நன்றாகக்கூட இருந்தது.

டிக்கெட் அவர்கள் ஆபீஸில் எல்லோருக்கும் சேர்த்து எடுத்தது. இங்கே யாராலும் மாற்ற முடியாது. அங்கே சனிக்கிழமை யாரும் போன் எடுக்கவில்லை. "ஸாரி சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பின்னாடி ஆளுங்க இருக்காங்க."

ஓரமாக நின்றேன்.

வெளியே போய் வீட்டாரிடம் சொல்லியிருக்கலாம். பத்தடிதான், கண்ணாடிக் கதவு. போகவில்லை. போனை அணைத்துவிட்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர்கள் கிளம்புவதாயில்லை. பிளேன் பறப்பதைப் பார்க்காமல் போவதா என்று ஒரு வேன் ஆட்களும் வெயிலில். பறந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வீசி வீசிக் காட்டினார். அது கண்ணுக்கு மறைந்த பிறகும் காட்டினார்.

இதற்கு மேல் இன்று முடியாது.


ஜூன் 15, ஞாயிறு

பையிலிருந்து எடுத்தவை: மழைக்கோட்டு. அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் உயர சாக்ஸ், இரண்டு ஜோடி. நெற்றியில் கட்டும் ஹெட்லைட். கொசு மருந்து. அம்மாவின் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இஞ்சித் தொக்கு. குலசாமி விபூதிப் பொட்டலம்.

கோகுல் புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து, "மலேசியாவுக்கு வச்சத நாம திங்கறமேடா" என்றான். அவனுக்கு வேடிக்கை. எனக்கு இறங்கவில்லை.

ஹவுஸ் ஓனர் மாமி மாடிப்படியில்: "யாரு, புதுசா இருக்கேள்? கோகுல் சிநேகிதரா? எத்தனை நாள் இருப்பேள்?"

"ரெண்டு மூணு நாள் மாமி."

"எங்கேர்ந்து வரேள்?"

முசிறி என்று சொல்ல வாய் வரவில்லை. மாமிக்கு முசிறியில் யாராவது இருந்துவிட்டால்? "மதுரை" என்றேன். ஒரே நாளில் பொய் எவ்வளவு சரளமாக வருகிறது.

அப்பாவுக்கு நேற்று மாலையே 'வந்துசேர்ந்தேன்' என்று மெசேஜ் போட்டாயிற்று. இன்று வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். பஸ் சத்தம் கேட்காமலிருக்க.

"சாப்ட்டியா தம்பி? அங்க மணி என்ன இப்ப?"

இரண்டரை மணி நேரம் கூட்டிச் சொன்னேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். "நமக்கு முன்னாடி ஓடிக்கிட்டிருக்க."

பிறகு, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி: "எம்பேரச் சொல்லித்தான கூப்புடுறாங்க?"

"ஆமாங்கப்பா."

"சரியாச் சொல்ல வருதா அவங்களுக்கு?"

"கொஞ்சம் கஷ்டப்படுறாங்க. ஆனா சொல்லிடுறாங்க."

பின்னால் அம்மாவிடம் சொல்வது கேட்டது: "கேட்டியா, சொல்லிப்புடுறாங்களாம்."

போனை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். சும்மா, சத்தத்துக்கு. என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.


ஜூன் 16, திங்கள்

வெயில். தண்ணீர் லாரி. வெளியே தலை காட்டவில்லை. அப்பா வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வாரத்தில் சில நாள் காந்தி மார்க்கெட் வருவார். ஆற்றைத் தாண்டினால் மார்க்கெட். ஊர்க்காரர்கள் யாரும் ஸ்ரீரங்கம் வரமாட்டார்கள் என்று யார் சொன்னது? கோவிலுக்கு வருவதற்கு என்னைக் கேட்டா வருவார்கள்?

நடந்ததைச் சொல்லி நான் போட்ட மெயிலுக்கு மையத்திலிருந்து பதில். அன்பாகத்தான். 'டியர் அருண் குமார்' என்று தொடங்கி: நேர்ந்ததற்கு வருந்துகிறோம், செப்டம்பர் குழுவில் இடம் தரலாம், இம்முறை பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுதி அனுப்பவும்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி. நான்கு தடவை படித்தேன். பதில் போடவில்லை. போட்டால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னால், ஏன் என்று கேட்பார். அந்த ஏன்-தான் இப்போது என் கழுத்தில். பிளேனை விட்டதைச் சொல்லிவிடலாம், திட்டுவார், போகட்டும். ஏன் விட்டேன் என்பதை எந்த வாயால் சொல்வது?


ஜூன் 17, செவ்வாய்

குழுவின் வாட்ஸ்அப்பில் இன்னும் என்னை வைத்திருக்கிறார்கள். போட்டோக்கள் வருகின்றன. கரடிக்கு மார்பில் மஞ்சளாக ஒரு பிறை. மரத்தில் தொங்கிக்கொண்டு நாக்கை நீட்டுகிறது, என்ன நீளம் அந்த நாக்கு. ஒரு டச்சுப் பையன் வாளி வாளியாக வாழைப்பழம் வெட்டுகிறான். அந்த இடத்துக்கு ஏங்கி அழுகை வந்தது. உண்மையிலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஊரில் யாரும் அதை நம்ப மாட்டார்கள், வெளிநாட்டு ஆசை என்பார்கள். இனி நானே சொன்னாலும் எடுபடாது.

அம்மா போட்டோ கேட்டாள். மூன்று நாளாகக் கேட்கிறாள். ஒரு கரடிப் படத்தை எடுத்து அனுப்பிவிட்டேன்.

அம்மா வாய்ஸ் மெசேஜ்: "ஏஞ்சாமி, கரடிக்கு நெஞ்சுல நெக்லஸ் போட்ட மாதிரி இருக்கு. கிட்டப் போவாத. நீ இருக்கிற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்பு."

சாயங்காலம் பார்த்தால் அந்தக் கரடி அம்மாவின் ஸ்டேட்டஸில். 'எங்கள் மகன் வளர்க்கும் கரடி' என்று. சித்தி பார்த்தாள், மாமா பார்த்தார், என் டிபார்ட்மெண்ட் பையன்கள் பார்த்தார்கள்.

கோகுல் இரவுச் சாப்பாட்டின்போது சிரிக்காமல் சொன்னான்: "இதோட நிறுத்திக்கடா. நான் உங்க வீட்ல சாப்ட்டவன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

சண்டை போட்டேன் அவனோடு. அவன் ரூமில் இருந்துகொண்டு, அவன் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு. பிறகு மன்னிப்பும் கேட்டேன்.


ஜூன் 19, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

கரண்ட் இல்லை. ரூமில் புழுக்கம், பால்கனியில் நின்றிருந்தேன். அப்பா போன். யோசிக்காமல் எடுத்துவிட்டேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு முழுத் தொண்டையில்:

"சத்திரம் சத்திரம் சத்திரம்! ஜங்ஷன் ஏறு! சத்திரம் சத்திரம்!"

அப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் காலமெல்லாம் போய் வருகிற மனிதர். அந்தக் குரலை அவருக்கா தெரியாது?

"அங்கயும் சத்திரம் இருக்காப்பா?"

"டிவிங்கப்பா. தமிழ் சேனல்."

விசில் அடித்து பஸ் கிளம்பியது. அதுவும் கேட்டிருக்கும்.

"ம். சரி தம்பி. வெயில்ல அலையாத."

வைத்துவிட்டார். மலேசியாவில் மழைக்காடு, தினமும் மழை என்று நான்தான் நேற்று அளந்திருந்தேன். வெயிலில் அலையாதே என்கிறார்.

படுத்தேன், எழுந்தேன், படுத்தேன்.

சாயங்காலம் கோகுல்: "உங்கப்பா எனக்குப் போன் பண்ணாருடா. 'ரூமு எங்கப்பா இருக்கு, மார்க்கெட் வர்றப்ப ஒரு சீப்பு பழம் குடுத்துட்டுப் போறேன்'னாரு. வேற ஒண்ணுமே கேக்கல. அட்ரஸ் சொல்லிட்டேன். எனக்கு அவருகிட்ட பொய் சொல்ல வரல."


ஜூன் 20, வெள்ளி

வீட்டில். முசிறி. எழுதக் கை கூசுகிறது, ஆனாலும்.

காலை. மேகமூட்டம். எட்டு மணி வாக்கில் பால்கனியிலிருந்து பார்த்தேன், எதிர் டீக்கடை பெஞ்சில் அப்பா. பக்கத்தில் ஒரு சீப்பு பூவன். மேலே வரவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் இறங்கிப் போகும்வரை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ சாப்புடுறியா?" என்றார்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

சொன்னேன். எல்லாம். கவுண்ட்டர், தூண், பிளேன், துண்டு. துண்டைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார், நான் பார்த்துவிட்டேன் என்பதில் அவருக்குக் கூச்சம். பிறகு பெயர் விஷயம். அதைச் சுற்றிவளைத்துச் சொன்னேன், வெள்ளைக்காரர்களுக்கு வாயில் நுழையாது, படிவத்தின் கட்டத்துக்குள் இடம் போதாது என்று. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது, எந்த இடத்தில் புரிந்தது என்று.

டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீளமா இருக்குன்னு சொல்லியிருந்தீன்னா, பாஸ்போர்ட்டு எடுக்கறப்பவே பெரியன்னு மட்டும் போடச் சொல்லியிருப்பனே தம்பி. எனக்கென்ன."

அவ்வளவுதான். டீ ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

பழத்தை கோகுலிடம் கொடுத்துவிட்டு, என் பெரிய பையை அவரே தூக்கிக்கொண்டார். கேட்டும் தரவில்லை. டவுன் பஸ் வந்தது. அதே கண்டக்டரோ என்னவோ, சத்திரம் சத்திரம் என்று கத்தினான். அப்பா ஏறிக்கொண்டே, "இதான் மலேசியா வண்டியா?" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சத்திரத்தில் முசிறி பஸ். உட்கார்ந்தால், முன்சீட்டில் செல்வராசு மாமா. ஜவுளிக்கடைப் பையோடு.

"என்ன மாப்ள! ஏரோப்ளேன் இங்கயே எறக்கி விட்டுருச்சா? நெசமாவே நீதானா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

அப்பா சொன்னார்: "திருப்பி அனுப்பிட்டாங்க மச்சான். எம்பேர்ல கொழப்பம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் குடுக்கறப்ப நான்தான் தப்பாக் குடுத்துட்டேன். இவன் என்ன பண்ணுவான் பாவம்."

"அட, சொந்தப் பேரக்கூடவா ஒழுங்கா எழுதத் தெரியாது? என்ன ஆளுங்க நீங்க! புள்ள வாழ்க்கையில வெளயாடிட்டீங்களே. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும். தப்புதான்."

குணசீலம் தாண்டியும் மாமா விடவில்லை. சிங்கப்பூர் பேப்பர்களில் தன் அப்பா பெயரை எப்படி எழுத்துப் பிசகாமல் வைத்திருந்தார் என்று விளக்கினார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் வரை அபிப்பிராயம் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அதுவும் பொய். நான் ஜன்னல் வழியாக வாழைத்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடமும் அதையே சொன்னார். ஸ்ரீரங்கத்தில் நான் ஒளிந்திருந்ததை மட்டும், 'அடுத்த பிளேனுக்குக் காத்திருந்தான், நம்ம மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லல' என்று மாற்றிவிட்டார். என்னோடு ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. அம்மா என் தலையைத் தடவி, சாப்பிட வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

இதை எழுதும்போதும் அடுப்படியிலிருந்து கேட்கிறது: "பேரு வச்சிருக்காரு பேரு! ஊருல ஒலகத்துல இல்லாத பேரு! வாயில நொழயுதா? எம்புள்ளைய ஓரங்கட்டிட்டாங்களே இந்தப் பேரால!"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

நானும் இன்னும் எழுந்து போகவில்லை.