பார்சிப் பரீட்சையில் கொடுக்கப்பட்ட சமஸ்கிருதத் தாள்

அனுப்புநர்:
மு. வேலாயுதம், தோல் மண்டி மேஸ்திரி, ஆம்பூர், வட ஆற்காடு ஜில்லா.

பெறுநர்:
தலைமை அதிகாரி அவர்கள், கீழ்நாட்டு மொழிப் பரீட்சைச் சபை, சென்னை.

பொருள்: என் தம்பி மகன் சுந்தரமூர்த்திக்குப் பார்சிப் பரீட்சையை நடத்தித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. தோல் கட்டுகளின் மேல் எழுதிய ஊர்ப்பெயர்களைப் பார்த்தே தமிழ் படித்தேன். தகப்பன் இல்லாத சுந்தரமூர்த்தி என் வீட்டில் வளர்ந்தவன். அடுத்த வீட்டு ஹலீமா பீ தம் பிள்ளைகளுக்கு உருது சொல்லிக்கொடுக்கையில் கூடவே உட்கார்ந்து கற்றான். பிறகு வாணியம்பாடியில் மௌல்வி நசீர் அகமது சாயபுவிடம் பாரசீக மொழியான பார்சியும் அரபியும் படித்தான். "இன்னா நாயினா, உங்க பையன் மதம் மாறப் போறானா?" என்று மண்டியில் கேட்டார்கள். "மாறினால் சொல்லி அனுப்புகிறேன், இப்போது கட்டைத் தூக்கு" என்றேன். அவன் படிப்பு எனக்குப் பெருமை. அதை யாரிடமும் மறைத்ததில்லை.

2. சென்ற மார்ச்சு மாதம் வேலூரில் பரீட்சைக்குப் போனான். அனுமதிச் சீட்டில் பார்சி என்றே இருந்தது. மேற்பார்வையாளர் பெயரைப் படித்துவிட்டு, "சுந்தரமூர்த்திக்குப் பார்சியா? ஆபீசில் தப்பாகப் போட்டுவிட்டார்கள், தம்பி" என்று இரக்கப்பட்டு, சீட்டில் பார்சி என்பதைக் கோடிட்டு அடித்து, சமஸ்கிருதத் தாளைக் கொடுத்தார். இவன் மறுத்ததும், இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே அனுப்புவதாகச் சொன்னார்.

3. சமஸ்கிருதத்தில் அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் எழுந்து வரவில்லை. நடந்ததைப் பார்சியில் எழுதி, மிச்ச நேரத்தில் தான் படித்த பாடங்களுக்கு அதே மொழியில் விளக்கமும் எழுதினான். திருத்திய சமஸ்கிருதப் பண்டிதர் அதைக் கிறுக்கல் என்று குறித்துப் பூஜ்யம் போட்டார்.

4. நான் முறையிட்டதற்கு, பிழை தன்னுடையது என்று மாணவன் எழுதிக்கொடுத்தால் கருணையால் தேர்ச்சி தரலாம் என்று தங்கள் காரியாலயத்தார் பதில் அனுப்பினார்கள். கல்கத்தாவில் பார்சி மேல்படிப்புக்கு அவனுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் தேர்ச்சி பெறாவிட்டால் அது போய்விடும். அதற்காக அவன் பொய்யில் கையெழுத்துப் போடமாட்டான். போட்டால் என் வீட்டில் அவனுக்கு இடமில்லை.

5. ஆகவே, ஜூனுக்குள் பார்சிப் பரீட்சையை நடத்திவைக்க வேண்டுகிறேன். தங்களிடம் உள்ளவற்றில் கடினமான தாளையே கொடுங்கள். ஒரு மதிப்பெண்ணும் கூட்டிப் போட வேண்டாம். அதில் அவன் தோற்றால் இனி ஒரு வரியும் தங்களுக்கு எழுதமாட்டேன். தேறினால், சுந்தரமூர்த்தி என்ற பெயருக்கு நேரே பார்சி என்று எழுதி, யாரும் அடிக்காதபடி முத்திரை வைத்துக் கொடுங்கள்.

ஆம்பூர்,
1929 மே 11.

இப்படிக்கு,
மு. வேலாயுதம்
(சொந்தக் கையெழுத்து)