இரண்டு கெய்தர் சாலைகள்

2019 மார்ச் 4, திங்கள்

இன்று பத்தொன்பது புதிய வீடுகளுக்கு எண் கொடுத்தேன். எல்லாம் வடக்கே, அட்லாண்டா நெடுஞ்சாலையை ஒட்டி, போன வருடம் வரை மாடு மேய்ந்த நிலத்தில். நான் இந்த விலாசப் பதிவு வேலைக்கு வந்தபோது எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியில் நாற்பதாயிரம் பேர். இப்போது இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கடையில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தால் அன்றைக்கு அது செய்தி.

நேடீன் கல்யாணமாகி அரிசோனா போய் ஐந்து வாரம். அறுபத்திரண்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் - யார் எதிர்பார்த்தது? சர்ச்சில் நானும்தான் கைதட்டினேன். இன்னும் இருவருக்கான முழுச் சட்டி சோளரொட்டி சுடுகிறேன். வெள்ளி வரை அதையே தின்கிறேன்.

மார்ச் 9, சனி

மழை. யாரோடும் பேசவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் மேலாளர் கர்ட்டிஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை பகலில், தெற்குக் கோடியில் கெய்தர் சாலையில், ஓட்டிஸ் கெய்தர் என்ற பெரியவருக்கு நெஞ்சுவலி. மனைவி கைபேசியில் அவசர உதவி கேட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் வடக்கே இருக்கும் இன்னொரு கெய்தர் சாலைக்குப் போய்விட்டது. நான்கு வருடம் முன் வந்த ஹெரன் கிரீக் குடியிருப்பில் அது. இரண்டுக்கும் நடுவே இருபத்தாறு மைல். சரியான வீட்டுக்கு வண்டி வந்து சேர ஐம்பது நிமிடம். பெரியவர் போய்விட்டார்.

ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இரண்டு சாலை இருக்கக் கூடாது. அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பழைய ஆவணங்களை எடுத்துப் பார்த்தேன். ஹெரன் கிரீக் வரைபடத்தில் ஒப்புதல் கையெழுத்து - என்னுடையது. தெற்கே இருப்பது பழைய கறுப்பினக் குடும்பங்களின் செம்மண் பாதை. எங்கள் கணினியில் 'தனியார் வழி 14' என்று மட்டும் இருந்தது. கெய்தர் சாலை என்று தேடினால் வடக்கே இருப்பதுதான் வரும். அங்கே இருப்பவர்கள் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரே ஒரு போன். ஏன் கேக்கல? ஏன் கேக்கத் தோணல எனக்கு?

மார்ச் 13, புதன்

கர்ட்டிஸிடம் சொன்னேன், அது என் கையெழுத்து என்று.

"அதெல்லாம் வெளிய பேசிட்டுத் திரியாத, வெர்னா. வக்கீலுங்க பாத்துப்பாங்க."



மார்ச் 20, புதன்

வீடு குறைவாக இருக்கும் சாலைதான் பெயர் மாற வேண்டும் என்பது விதி. ஹெரன் கிரீக்கில் முந்நூற்று நாற்பது வீடு. தெற்கே பதினொன்று. அந்தப் பதினொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கிவர என்னையே அனுப்பினார்கள்.

ஓட்டிஸின் மனைவி எர்னஸ்டின் கெய்தருக்கு எண்பது இருக்கும், மரியாதையாக 'மிஸ் எர்னஸ்டின்' என்போம். வாசலில் நின்றபடியே காகிதம் முழுவதையும் வாசித்தார்.

"புருஷனப் பொதச்சு ஒரு வாரம் ஆகல. இப்ப அவரு பேரையும் பொதைக்கணுமா?"

"விதி அப்படி, மிஸ் எர்னஸ்டின்."

"இந்த வழிய வெட்டுனது அவரோட தாத்தா. அவங்க எப்ப வந்தாங்க? நேத்து. எங்க பேரு அவங்களுக்கு எங்கருந்து கெடச்சுதாம்?"

வடக்கே பெரும் பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் பெயர் அது. இவர்களின் முன்னோர் அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்து, முதலாளியின் பெயரையே பெற்றவர்கள். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 

"ஏம்மா, ரெண்டாவது ரோட்டுக்கும் இதே பேர வச்சுக்கன்னு தலையாட்டுன மகராசன் யாரு?"

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆபீஸ்ல விசாரிக்கிறாங்க" என்றேன்.

கோழை. கோழை. காகிதத்தை என் கையில் திணித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற பத்து வீட்டுக் கதவையும் நான் தட்டவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

நேடீன் கூப்பிட்டாள். அங்கே கள்ளி பூத்திருக்கிறதாம்.

"கொரல் ஏன்டி ஒரு மாதிரி இருக்கு?"

"சளி."

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள். முன்பெல்லாம் நான் காரை நிறுத்தும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கவுண்டி ஆணையர்கள் கூட்டம். எந்தச் சாலையின் பெயர் மாற வேண்டும் என்று இன்று ஓட்டு. ஹெரன் கிரீக்காரர்கள் எழுபது பேராவது இருப்பார்கள் - ஒஹாயோவிலிருந்து வந்தவர்கள், இந்தியர்கள், கொரியர்கள். ஓட்டுநர் உரிமம், பள்ளிப் பதிவு, வங்கி எல்லாவற்றிலும் விலாசம் மாற்ற முடியாது என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். இந்தப் பக்கம் தெற்கிலிருந்து ஒன்பது பேர், சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடையில். மிஸ் எர்னஸ்டின் முன்வரிசையில், மடியில் கைப்பை.

நடந்தது கணினிக் கோளாறு என்றார் கர்ட்டிஸ்.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "கோளாறு இல்ல. கையெழுத்துப் போட்டது நான். விசாரிக்காமப் போட்டேன். அந்த வழிக்கு நூறு வருஷமாப் பேரு இருந்துச்சு. நான் கேக்கல." கர்ட்டிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு ஹெரன் கிரீக்கிலிருந்து மிஸ்டர் பே என்ற கொரியக்காரர் மைக்கைப் பிடித்தார். பியானோ பழுது பார்ப்பவராம். "இந்த நாட்டுக்கு வந்து ஆறு விலாசம் மாத்திட்டேன். ஏழாவதும் மாத்துனா ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"அப்ப உன் வீட்டுக்கு மட்டும் மாத்திக்கய்யா!" பின்னாலிருந்து யாரோ. சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. தான் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முன்வரிசையைப் பார்த்துத் தலை குனிந்தார். "மன்னிச்சுக்கங்கம்மா."

சிரிப்பு நின்றுவிட்டது.

மூன்றுக்கு இரண்டு ஓட்டு. புதிய சாலைதான் பெயர் மாறும்.

வெளியே மிஸ் எர்னஸ்டின் என்னிடம் வந்து நின்றார். "என் வாசல்ல நின்னியே, அன்னிக்கே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஏப்ரல் 10, புதன்

ஒப்புதல் போடும் அதிகாரம் இனி எனக்கு இல்லை. கீழ்த்தளத்தில் பழைய வரைபடங்களை அடுக்கும் வேலை. ஜன்னல் கிடையாது.

மே 17, வெள்ளி

சாப்பிட யாரும் கூப்பிடுவதில்லை. எண் மட்டும் போட்டு, பெயர் போடாமல் விட்ட வழிகள் இதுவரை முப்பத்தொன்று கண்டெடுத்தேன். ஒவ்வொரு வழியிலும் யாருக்காவது போன் செய்கிறேன். "உங்க வழிய என்னன்னு கூப்பிடுவீங்க?" மேற்கே ஒரு கோழிப் பண்ணைக்காரர் நாற்பது நிமிடம் பேசினார். போனை வைத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வைத்தார்.

ஜூன் 21, வெள்ளி

இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கர்ட்டிஸ் படியிறங்கி வந்தார். மிஸ் எர்னஸ்டினின் மகள் டெலோரஸ் ஊர் திரும்புகிறாளாம். அம்மா வீட்டுக்குப் பின்னால் வீடு கட்டுகிறாள், எண் வேண்டும்.

"வேற ஆள அனுப்புறேன்னேன். 'அந்தப் பொம்பளையே வரட்டும், அவ எழுதட்டும், நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்'னு போன்ல கத்துது அந்த எர்னஸ்டின் அம்மா. நான் என்ன செய்யறது?"

போனேன். அளவு நாடாவின் மறுமுனையை மிஸ் எர்னஸ்டின் பிடித்துக்கொண்டார். படிவத்தில் சாலையின் பெயரை எழுதும்போது என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஓட்டிஸைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அளவு ஒரு தடவை சரிவரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

"இந்த வெயில்ல தலையில ஒரு தொப்பி போட்டுட்டு வரக் கூடாதா நீ?" என்றார், நாடாவை விடாமல்.