பேசாதவர்கள் ஜெயித்த விளையாட்டு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உருளுகிற வாண்டும் சுகமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் எனக்கு மற்ற சேதியெல்லாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா நடுவில் புகுந்து முடிவைப் போட்டு உடைத்துவிடுவார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

போன மாதம் நீ பேசும்போது, "போர்வையெல்லாம் வேண்டாம்மா, இங்க கடையிலயே நல்லதா கிடைக்குது, ஒரு துணிக்காக அத்தையும் பெரியம்மாவும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கிறது எனக்குப் பிடிக்கல" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனாலும் முதல் பேரப்பிள்ளைக்குக் கடைப் போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், குழந்தை பிறப்பதற்குள் அந்தப் போர்வையும் ஒன்றாக வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒன்றாக வேண்டும், இரண்டையும் நானே செய்து காட்டுகிறேன் என்று. உன் அம்மா ஒன்றை நினைத்துவிட்டால் சும்மா இருப்பவளா?

சண்டையின் தலையும் வாலும் உனக்குச் சரியாகத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் ஒட்டுப்போர்வைக் குழுவில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான், ஒருத்தர் போட்ட தையலை அவரைக் கேட்காமல் இன்னொருத்தர் பிரிக்கக் கூடாது. கோணலோ நேரோ, அது அவரவர் கை. உன் அத்தை பேசிக்கொண்டே தைப்பவள், பேச்சு வளைகிற பக்கமெல்லாம் தையலும் வளையும். உன் பெரியம்மாவோ அடிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்தவள். உன் போர்வைக்காக உன் பள்ளிக்கூடச் சட்டை, அப்பாவின் வேலைச் சட்டை, என் பழைய திரைச்சீலை எல்லாவற்றையும் துண்டு போட்டுச் சேர்த்து இரண்டு பாதியாகத் தைத்து வைத்திருந்தோம், நடுவில் இணைப்பது மட்டும்தான் பாக்கி. அத்தை பல் பிடுங்கியதால் வராமல் இருந்த ஒரு சனிக்கிழமை, பெரியம்மா அவளுடைய வரிசை ஒன்றைச் சத்தமில்லாமல் பிரித்து நேராகத் தைத்து வைத்துவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள், இல்லையென்று சொல்லவில்லை. அடுத்த வாரம் அத்தை துணியைப் புரட்டி முதுகுப் பக்கத்தைத் தடவியதுமே, "இது என் முடிச்சு இல்ல" என்றாள். அவ்வளவுதான். ஒரு பாதியைச் சுருட்டிக்கொண்டு அவள் போனாள், மற்றது பெரியம்மா வீட்டு அலமாரிக்குப் போனது. அதிலிருந்து நாலு மாதமாக மேஜையின் அந்தக் கோடியில் ஒருத்தி, இந்தக் கோடியில் ஒருத்தி, கத்தரிக்கோல் வேண்டுமென்றால்கூட என்னிடம் கேட்டு நான் வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்பாவோ கேட்கவே வேண்டாம், ஒரு பக்கம் கூடப்பிறந்தவள், இன்னொரு பக்கம் கட்டியவளின் அக்கா, பேச்சை எடுத்தாலே ரிட்டயரான எலக்ட்ரீஷியன் எழுந்து மீட்டர் பெட்டியைப் பார்க்கப் போய்விடுவார்.

எங்கள் வருஷக் கூட்டம் வந்தது. முடித்ததோ முடிக்காததோ, அன்றைக்கு எல்லோரும் கைவேலையைக் கொண்டு வந்து காட்டியாக வேண்டும், அதனால் இரண்டு பாதியும் ஒரே அறைக்கு வந்துதானே தீரும்? அதை வைத்துத்தான் நான் திட்டம் போட்டேன். வழக்கமாக விளையாட்டு நடத்துவது குழுத் தலைவி, அந்தக் காலத்து டெலிபோன் ஆபரேட்டர், வருஷா வருஷம் பாட்டிலில் எத்தனை பொத்தான் என்று கேட்டு எல்லோரையும் கொட்டாவி விட வைப்பார். இந்தத் தடவை என் பொறுப்பு என்று நானே கையைத் தூக்கினேன், பாட்டுப் போட அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் விளையாட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்வது. எங்கள் குழுவின் பேக்கரிக்காரம்மா உன் அப்பாவின் கைக்குட்டையைத் தடவித் தடவிப் பார்த்து, "சந்தேகமே இல்ல, பட்டு" என்றார், அப்பா அன்றிலிருந்து அதைத் துவைக்கப் போட மாட்டேன் என்கிறார்.

அடுத்ததுதான் என் விளையாட்டு. கொண்டு வந்த கைவேலையை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும், ஆளுக்கு ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒருத்தி மிச்சமிருக்கிற கையால் துணியைப் பிடிக்க மற்றவள் தைக்க வேண்டும். பாட்டு நிற்கும்வரை தைக்கலாம், வாயைத் திறந்தால் அவுட். ஜோடி சேர்க்கச் சீட்டுக் குலுக்கினேன், குலுக்கினேன் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். அத்தையும் பெரியம்மாவும் ஜோடி என்றதும் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும், அங்கே ஊசிக்குப் பஞ்சமும் இல்லை. அத்தை என்னை முறைத்து, "இந்தப் பாதியையா தைக்கணும் அண்ணி?" என்றாள். விளையாட்டில் எல்லாம் விளையாட்டுதான் என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் பாட்டைப் போடச் சொன்னேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். பேக்கரிக்காரம்மா முதல் குத்திலேயே ஐயோ என்று அலறி அவுட். பல் டாக்டரம்மா பழக்கதோஷத்தில் தன் ஜோடியிடம், "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லி அவுட். தலைவியே, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் மிஞ்சியது நம்முடைய இரண்டு பேர்தான், நாலு மாதமாகப் பேசாமல் இருந்து பயிற்சி எடுத்தவர்களை யாரால் ஜெயிக்க முடியும்? அத்தை இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கப் பெரியம்மா தைத்தாள், துணி நகர நகர அத்தையின் விரல் தானாக இடம் கொடுத்தது. இரண்டு பாட்டோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தும் அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார், பாட்டுக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக நிறுத்தி, ஜெயித்தவர்கள் பரிசு வாங்க வாருங்கள் என்றேன். அத்தை எழுந்தாள், போர்வையும் கூடவே எழுந்தது. பெரியம்மா தையலை மட்டுமே பார்த்துக்கொண்டு, அத்தையின் மடியில் கிடந்த கீழ் ஓரத்தை அவள் போட்டிருந்த புத்தம் புது நீல உடுப்போடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பெரியம்மாவின் கை தன்னால் தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்தது, அதோடு சிரிப்பு நின்றுபோயிற்று. "பிரிக்காதீங்க" என்றாள் அத்தை. நாலு மாதத்தில் பெரியம்மாவின் முகம் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கெட்டது போ, ஒட்டப் பார்த்ததை நானே கிழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அத்தை துணியைப் புரட்டி, அன்றைக்குத் தடவின மாதிரியே முதுகுப் பக்கத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு, "உங்க தையலும் இதுல இருக்கு, என் பிடியும் இதுல இருக்கு. இதைப் பிரிக்க வேண்டாம்கா. கத்தரி குடுங்க" என்றாள். வாங்கித் தன் உடுப்பைத் தையலைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிவிட்டாள். பெரியம்மா பதறிப்போய், "புது உடுப்பாச்சேம்மா, ஊசி ஏறுறப்பவே சொல்லக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "எப்படிச் சொல்றது, உங்ககூடதான் நான் பேசறதில்லையே" என்றாளே பார்க்கலாம். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகிவிட்டது. "அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கணும். கேட்காம கை வெச்சது தப்பும்மா" என்றாள். அவள் தப்பென்று சொல்லி நான் கேட்டது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. பிறகு மிச்சத் துணியில் ஒரு சதுரம் எடுத்து உடுப்பில் விழுந்த ஓட்டையை அங்கேயே அடைக்க உட்கார்ந்தாள், அத்தை மேலே நின்றுகொண்டு, "நேரா தைச்சிடாதீங்கக்கா, என் உடுப்புன்னே தெரியாம போயிடும்" என்று ஒரே அதிகாரம். பெரியம்மா கோணலாகத் தைத்தாள், அதிலும் அளவெடுத்த கோணல். நான் டீ கெட்டிலுக்குப் பின்னால் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன், அத்தனையும் சந்தோஷம்தான். அப்பா மட்டும் பாட்டை நிறுத்தாதது தன் சாமர்த்தியம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த மாதம் நான் போர்வையோடு வருகிறேன், வேண்டாம் என்ற பேச்சே கூடாது. நீ வேண்டாம் என்றதைச் சொன்னேன், "வாண்டு வெளிய வரட்டும், அதுகிட்ட கேட்டுக்கிறோம்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, கனமான பையைத் தூக்காதே. மாப்பிள்ளையோடு கோபம் வந்தால் தாராளமாகப் பேசாமல் இரு, ஆனால் ஊசி உடுப்பில் ஏறும்போதாவது வாயைத் திறந்து சொல்லிவிடு.

நீயும் பிள்ளையும் இரண்டு உயிராக நல்லபடி பிரிந்து, கட்டிலும் தொட்டிலும் நிறைந்திருக்க வேண்டும், அம்மா அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உங்களுக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போர்வையைப் புரட்டினால் கீழ் ஓரத்தில் ஒரு நீலத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், ஓரமெல்லாம் நூல் தொங்கும், பார்க்கிறவர்கள் தவறித் தைத்தது என்பார்கள், துவைக்கும்போது உனக்கே கை பரபரக்கும். பிரித்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கப் பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்ட
அம்மா