நீ பங்கு போட்ட சாப்பாடு

என் செல்ல அழுத்தக்காரி ராஜிக்கு,

நம் ஆபீஸ் மன்றத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. எல்லாரும் எழுதுகிற மாதிரி ‘சிரித்த முகம், கொடுக்கிற கை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கொடுக்கிற கை மேல்தான் எனக்கு இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் பெண் வித்யாவுக்கு நேற்று வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரோம்பேட்டையில் ஒரு டாக்டர். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறேன், ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரத்தில் இன்று முதல் நாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பயப்படாதே என்று உனக்குச் சொல்ல வாய் வரவில்லை, ராஜி. நானே பயந்துபோய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வித்யாவுக்குக் கிண்டியில் வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகிறது. நம் எட்டு மணி வண்டியில்தான் வருகிறாள். தாம்பரத்தில் ஏறி, லேடீஸ் பெட்டியில், ஜன்னலோரம் உன் இடத்திலேயே உட்காருகிறாள். முதல் நாளே கைப்பையிலிருந்து உன் எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். மூடியில் புள்ளி புள்ளியாக உன் பேர் வெட்டினது. உள்ளே எலுமிச்சைச் சாற்றில் ஊறின இஞ்சிச் சீவல், மேலே இந்துப்பு. வண்டியில் நெல்லிக்காய் விற்கிற முனியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள்.

“அய்ய, ராஜிம்மா பொண்ணா நீ? அந்த டப்பா இன்னும் கீது பாரு!”

அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அழுதோம். சந்தோஷமாகத்தான் அழுதோம்.

அந்த டப்பாவை வைத்துக்கொண்டு நீ எங்களுக்கு எத்தனை பிரசங்கம் செய்திருப்பாய்! வயிறு உப்புசம், ஏப்பம், சாப்பிட்டது அப்படியே நிற்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், ஆரம்பித்துவிடுவாய். “உடனே ஆசிட் ஜாஸ்தின்னு நீங்களா முடிவு பண்ணி மாத்திரையை முழுங்கிடறீங்க. சில பேருக்கு ஆசிட் கம்மியாவும் இருக்கும் அக்கா. அடுப்பு சரியா எரியாதப்போ அதுல தண்ணி ஊத்தினா சோறு எப்படி வேகும்?” சாப்பாட்டுக்குக் கால் மணி முன்னால் ஒரு இஞ்சித் துண்டு, மெதுவாக மெல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொள்ளக் கூடாது. வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீர். மத்தியானம் பெருங்காயம் போட்ட நீர்மோர். “நெஞ்சு எரியறவங்க, அல்சர் இருக்கறவங்க என் டப்பா பக்கமே வராதீங்க” என்று எச்சரிக்கை வேறு.

எனக்கு உன் வைத்தியம் கேட்டது, ராஜி. மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தவள் நான். உன் இஞ்சி பத்தே நாளில் என்னை மனுஷியாக்கியது. அதனால்தான் நீ சொன்னதை எல்லாம் நம்பினேன். உன் வயிற்றைப் பற்றி நீ சொன்னதையும் சேர்த்து நம்பினேன்.

மத்தியானம் நீ டிபன் பாக்ஸைத் திறந்தால் சீட்டுக்குச் சீட்டு விநியோகம் நடக்கும். “எடுத்துக்கோங்க அக்கா, நிறைய கொண்டாந்துட்டேன்.” உருளைக்கிழங்கு பொடிமாஸ் எனக்கு, எலுமிச்சை சாதம் பக்கத்து சீட்டுக்கு, அப்பளம் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு. என்ன மனசு, என்ன மனசு என்று நாங்கள் உருகிப்போனோம். நீ நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை என்பதை ஒருத்தியாவது பார்த்தோமா? எட்டு மாசம் உன் சாப்பாட்டை நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். அடிப்பாவி, வயிற்றில் இறங்காத சோற்றைத்தான் எங்களுக்குத் தானம் பண்ணினாயா?

அப்புறம் அந்த நாள். ஆபீஸ் மாடிப்படி ஓரமாக என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

“அக்கா, ரெண்டு நாளா வெளிக்குக் கருப்பா போகுது.”

“டாக்டர்கிட்ட போடி.”

“இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடறேன்ல, அதான். வித்யாவுக்குக் கடைசி வருஷப் பரீட்சை. அது முடியட்டும், நானே போறேன். அவர்கிட்ட மூச்சு விடாத. என் தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். என் கையை நீயே எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டாய். மூணு மாசம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். பரீட்சை முடிந்தது. நீ டாக்டரிடம் போனாய், ரொம்ப லேட் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு உன் வீட்டுக்காரரிடம், “இப்பதாங்க வலிக்க ஆரம்பிச்சுது” என்று சொன்னாயே, நான் அப்போது மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

இனி உன் பெண் கதைக்கு வருகிறேன்.

ஒரு மாசம் முன்னால், காலை வண்டியில், பல்லாவரம் தாண்டும்போது வித்யா டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஆறு இட்லி, மிளகாய்ப்பொடி தடவினது. ஒன்றரை சாப்பிட்டாள். பிறகு பாக்ஸை என் பக்கம் நீட்டினாள்.

“எடுத்துக்கோங்க பெரியம்மா. அம்மா மாதிரியே நானும் நிறைய வெச்சுட்டேன்.”

பெட்டியில் எல்லாரும் ‘தாயைப் போலவே’ என்று சிரித்தார்கள், எடுத்தார்கள். முனியம்மாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். என் கை எழவில்லை.

அடுத்த நாள் சப்பாத்தி, அதற்கடுத்த நாள் தோசை. இரண்டு வாரம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். சுடிதார் தோளில் நிற்கவில்லை. முகம் வெளுத்திருந்தது. கேட்டால், “மந்தம் பெரியம்மா, அம்மா டப்பாதான் இருக்கே” என்றாள். துருவிக் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, மெடிக்கல் ஷாப்பில் தானே கேட்டு வாங்கி, ஆசிட்டைக் குறைக்கிற மாத்திரையைத் தினம் ஒன்று போட்டிருக்கிறாள். காலையில் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால் இஞ்சி. ஒரு கையால் அடுப்பை அணைத்து இன்னொரு கையால் மூட்டுகிறாள், உன் பெண்!

டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“சும்மா பயமுறுத்தாதீங்க பெரியம்மா. அம்மாவுக்கு வந்தது திடீர்னு வந்தது. அம்மாவுக்கே கடைசி வரைக்கும் தெரியல. இது வெறும் மந்தம்.”

நான் என்ன செய்ய? அவளை டாக்டரிடம் அனுப்ப வேண்டுமென்றால், ‘அது திடீரென்று வரவில்லை, உன் அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் உனக்குச் செய்த சத்தியம் போய்விடும். அவளும் போய்விடுவாள், எனக்கு இருக்கிற ஒரே பெண் அவள்தான். மூணு நாள் வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். நாலாம் நாள் கிண்டியில் வித்யா இறங்கினதும் முனியம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாம்மா, அந்தப் பொண்ணு தெனம் ஊருக்கே ஊட்டிகினு கீது. அது துன்னுதா இல்லியான்னு யாரு பாக்கறது? உங்க சிநேகிதியும் இப்படித்தான் குடுத்துகினே போச்சு.”

நெல்லிக்காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது, ராஜி. பக்கத்திலேயே உட்கார்ந்து தின்ற எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தாம்பரம் பிளாட்பாரத்தில் வித்யாவை உட்காரவைத்துச் சொன்னேன். மாடிப்படி, கருப்பாகப் போனது, தலையில் வைத்த கை, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு வண்டி வந்து போனது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எவ்ளோ நாளா?”

“மூணு மாசம்.”

“என் பரீட்சைக்காகவா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“அன்னிக்கே அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு வருஷமா என் பக்கத்துலயே உட்கார்ந்து வந்தீங்களே!”

எழுந்து போய்விட்டாள். டப்பா பெஞ்சிலேயே கிடந்தது. நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அவள் வேறு பெட்டியில் ஏறினாள், அதற்கடுத்த நாளும் அப்படியே. மூணாம் நாள் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: ‘சனிக்கிழமை பத்து மணி, குரோம்பேட்டை டாக்டர். அப்பாவும் வர்றார்.’ பெரியம்மா என்ற வார்த்தை இல்லை. நான் போனேன். அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

உள்ளே அவளுக்குக் கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்தார். அவளே அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

“ராத்திரி ராஜி தன் தட்டுலேர்ந்து எடுத்து எனக்கு வெப்பா, சாந்தா” என்றார். “நானும் சாப்பிட்டேன்.”

எப்படிடி மனசு வந்தது உனக்கு? எங்கள் வாயில் ஊட்டி ஊட்டியே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டாயே!

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

*

இதை ஒரு வாரம் மூடி வைத்திருந்தேன். நடுவில் எத்தனை தடவை போனை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. கந்த சஷ்டிக்குக்கூட இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஒன்றும் இல்லை, ராஜி. கேட்டுக்கொண்டாயா? ஒன்றும் இல்லை!

ரத்தம் குறைவு. டாக்டர் முதலில் மாத்திரை அட்டையைத்தான் கையில் எடுத்தார். “இதை ஒரு வருஷமா யாரைக் கேட்டும்மா போட்டீங்க? வயித்துல ஆசிட் ரொம்பக் குறைஞ்சா சாப்பாடு சரியா செரிக்காது, இரும்புச் சத்தும் ஒழுங்கா ஒட்டாது” என்றார். திடீரென்று நிறுத்த வேண்டாம், நான் சொல்கிறபடி குறைக்கலாம் என்று சொல்லி, ரத்தத்துக்கு மருந்து எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வேளையாகச் சாப்பிடச் சொன்னார். நான் பையிலிருந்து உன் டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன். திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“தாராளமா மெல்லட்டும், எரிச்சல் இல்லாத வரைக்கும். ஆனா ரெண்டு வாரத்துல சரியாகலைன்னா டப்பாவை மூடிட்டு இங்க வரணும். எடை குறைஞ்சாலோ கருப்பா போனாலோ ரெண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.”

அந்த ஒரு வரிதான் உன் பிரசங்கத்தில் இல்லாமல் போனது, கண்ணு. மற்றதெல்லாம் நீ சரியாகத்தான் சொன்னாய்.

வித்யா மேஜையிலிருந்து டப்பாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை நம் பெட்டியில் ஏறினாள். உன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பிளாட்பாரத்திலேயே இஞ்சியை மென்றிருப்பாள் போலிருக்கிறது, வாசனை வந்தது. பல்லாவரம் தாண்டினதும் டிபன் பாக்ஸைத் திறந்தாள். நாலு இட்லி. முனியம்மா பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தாள்.

“இன்னிக்கு இன்னா பாப்பா?”

“இன்னிக்கு யாருக்கும் கிடையாது அக்கா.”

“துன்னு, துன்னு! அப்படிச் சொல்லு!”

மெதுவாக, மென்று மென்று சாப்பிட்டாள். மீனம்பாக்கம் போனது, பழவந்தாங்கல் போனது, பரங்கிமலை போனது. அத்தனையும் தீர்ந்தது. எனக்கு ஒரு விள்ளல்கூடக் கொடுக்கவில்லை. மூடுவதற்கு முன்னால் பாக்ஸை என் பக்கம் லேசாகச் சாய்த்துக் காட்டினாள். காலி. உடனே மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிண்டியில் அவள் இறங்குகிற வரைக்கும் நான் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவளிடம் கொடுத்தேன். அவள் வேண்டாமென்றால் கிழித்துப் போட்டிருப்பேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தாள். ‘நாலு இட்லி’ என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் ஓரமாகப் பென்சிலால் ‘இப்ப அஞ்சு’ என்று எழுதியிருந்தாள்.

ராஜி, நீ வாங்கின சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மூணு மாசம் அதை உடைக்காமல் இருந்ததற்குத்தான் கேட்கிறேன். இனி யார் தலையில் கை வைத்துச் சொன்னாலும் யாருடைய வலியையும் நான் பூட்டி வைக்க மாட்டேன். யார் தன் பாக்ஸிலிருந்து எடுத்து எனக்கு வைத்தாலும், நீ சாப்பிட்டாயா என்று கேட்டு, அவள் வாயில் போட்டதைப் பார்த்த பிறகுதான் நான் தொடுவேன்.

இப்படிக்கு,
உன் பெண்ணுக்குப் பெரியம்மா,
அவள் இப்போதைக்கு அப்படிக் கூப்பிடாவிட்டாலும்,
உன் சாந்தாக்கா.